ஊசிமுனையில் ஒரு நூலகம்

எழுத்தாணியால் ஓலையில் கீறி அறிவைக் காத்தனர் நம் முன்னோர். கணனி விஞ்ஞானிகளும் அவ்வழியே சென்றதுண்டு.

சுவிற்சர்லாந்தில் சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் உருவான கருவிக்கு 'மில்லிபீட்', அதாவது மரவட்டை, என்று பெயர். மூன்று மில்லிமீற்றர்ச் சதுரத்தில் 1024 ஊசிகள் அதன் கால்கள். பல்பகுதியம் என்னும் சேதனப் பொருளின் மென்படலமே ஓலை. சூடேறிய ஊசிமுனை படலத்தை இளக்கிக் குழியிடும். குழி இருப்பின் ஒன்று, இல்லையேல் பூச்சியம். மீண்டும் சூடாக்கினால் குழி தூர்ந்துவிடும், புதிதாய் எழுதலாம். 2002 இல் எழுதிக் காட்டிய குழியின் விட்டம் ஏறத்தாழ 10 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த அடர்த்தியில், தபால் முத்திரையளவு பரப்பில் இரண்டரைக் கோடிப் பாடநூற் பக்கங்கள் அடங்கும் என்றார்கள்.

ஆயினும் அக்கருவி சந்தைக்கு வரவில்லை. நினைவகச் சில்லுகள் விலை மலிந்து முந்திக்கொண்டன.

ஓலையோ படலமோ, எதுவும் நிலையானதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் மீளாமலே போயின. பெட்டியிலுள்ள காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் பழைய கடிதங்களுக்கும் நாம் இன்றே பிரதியெடுப்போம். அவற்றை இரண்டு வீடுகளில் வைப்போம்.