மழையில் வாங்கிய கோப்பை

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம்மவரில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. செல்வமும் சாவகாசமும் உள்ளவர்கள் புல்வெளியில் உலாவிக்கொண்டே பந்தடிக்கும் ஒரு பொழுதுபோக்கு என்பதே பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். நாற்பது வயதைக் கடந்தும் அந்த மட்டையைத் தொட்டறியாத ஓர் உபாத்தியாயருக்கு இதைப்பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் எழுதப் புகுந்தது ஆட்டத்தைப்பற்றி மட்டுமன்று. அதை ஆடிய ஒரு மனிதரைப்பற்றி.

முதலில் ஆட்டத்தின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பரந்த மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் வாயும் 4¼ அங்குல அகலமே. நூற்றுக்கணக்கான கஜ தூரத்திலிருந்து ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து அடித்து அக்குழியில் விழச் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிப்பவரே வெற்றி பெற்றவர். பெரிய பந்தயங்களில் இவ்வாறு நான்கு சுற்று, அதாவது 72 குழிகள், ஆட வேண்டும். பரிசுப் பணத்தையே ஜீவனமாகக் கொண்டு ஆடுபவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எனப்படுவர்.

அத்தகையவர்களில் ஒருவர் சிவசங்கர் சிவகோலம். ஜனங்கள் அவரைப் 'பாப்வா' என்றே அழைத்தனர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தை அடுத்த ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கென்று சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வழிவந்த சமூகம் அது. பாப்வாவுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. வெள்ளையர்கள் ஆடும் மைதானத்தில் அவர்களுடைய மட்டைப் பையைச் சுமப்பதே அவருக்குக் கிடைத்த வேலை. பை சுமந்துகொண்டே ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்ததைத் தாமே பழகினார். குரு என்று ஒருவரும் இல்லை.

இதனால் ஒரு விநோதம் நேர்ந்தது. வலக்கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்பொழுது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்கும். பாப்வாவோ வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். தேர்ந்த ஆசிரியர் எவரேனும் அவர் இளமையில் பார்த்திருந்தால் முதல் நாளே கையைத் தட்டித் திருத்தியிருப்பார். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் பிடிக்கும் விதத்தைத் தினந்தோறும் திருத்தும் நமக்கு இந்த இடத்தில் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. பிழை என்று நாம் திருத்திய கைகளில் எத்தனை கைகள் தம் போக்கில் விட்டிருந்தால் நன்றாக எழுதியிருக்குமோ!

டர்பனில் கிரஹாம் வுல்ப் என்ற வெள்ளைக்கார ரசாயன நிபுணர் ஒருவர் இருந்தார். முகத்தில் பூசும் 'ஆயில் ஆப் ஓலே' என்ற தைலத்தை உண்டாக்கியவர் அவரே. பாப்வாவின் திறமையை நேரில் கண்ட அவர், 1959ஆம் ஆண்டில் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே ஹாலந்து தேசத்தின் ஓபன் பந்தயத்தில் பாப்வா முதற்பரிசு பெற்றார். அடுத்த ஆண்டும் அதே பரிசு. 1964இல் மூன்றாம் முறையும் அதே பரிசு! தென்னாப்பிரிக்காவில் ஆட்சி செலுத்திய போயர்களின் முன்னோர் பெரும்பாலும் அந்த ஹாலந்திலிருந்து சென்று குடியேறியவர்கள். மூதாதையரின் நாடு பாராட்டிய மனிதரை, அவர்கள் வம்சத்தார் எவ்வாறு நடத்தினர் என்பதை இனிச் சொல்லுவோம்.

1948 முதல் அந்நாட்டில் நிறபேதமே ராஜாங்கக் கொள்கையாகியிருந்தது. 1963ஆம் ஆண்டு, வெகு பிரயாசையின்பேரில், டர்பன் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நடந்த நேட்டால் ஓபன் பந்தயத்தில் ஆடப் பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தது. மைதானத்தில் ஆடலாம், ஆனால் கிளப் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கலாகாது. வெள்ளையர் அனைவரையும் வென்று அவரே முதலாவதாக வந்தார். பரிசளிக்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கட்டடத்துக்குள் ஒதுங்கி நின்றனர். வென்றவர் மட்டும் வெளியே மழையில் நனைந்தபடி கோப்பையை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காட்சியின் புகைப்படம் பல தேசங்களின் பத்திரிகைகளில் வெளிவந்தது. பக்கம் பக்கமாக எழுதினாலும் விளங்காத அநீதியை ஒரே படம் விளக்கிவிட்டது. மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமளிக்கப்படவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் விளையாட்டு உலகம் அந்நாட்டைப் புறக்கணிக்கத் தொடங்கிய காலத்தில், அந்த மழைக் காட்சி அநேகர் நெஞ்சில் நின்றது என்பதில் ஐயமில்லை.

1965இல் நேட்டால் ஓபன் பந்தயத்தைப் பாப்வா மீண்டும் வென்றார். இம்முறை தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டில் அமெரிக்க ஓபனையும் வென்று உலகப் பிரசித்தி பெற்றவர். ஒரு தடவை வென்றதைத் தற்செயல் என்று சொல்லலாம். இரண்டாம் தடவை என்ன சொல்லுவது? சர்க்கார் சொல்லவில்லை, செய்தது. 1966இல் வெள்ளையரின் பந்தயங்களில் அவர் ஆடக்கூடாதென்று தடுத்துவிட்டது. வெளிநாடு சென்று ஆடலாமென்றால் அவருடைய பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. ஆட்டத்தையே ஜீவனமாகக் கொண்டவருக்கு உள்ளூரிலும் வழியில்லை, வெளியூரிலும் வழியில்லை என்றாயிற்று.

1978ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிரம்புமுன்பே, வறுமையில் அவர் காலமானார்.

இன்று டர்பன் நகரில் ஒரு கோல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை வெளியே நிறுத்திய சட்டங்களும் மறைந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் ஆட்டக்காரனின் ஆயுளில் கைவலிவும் கண்கூர்மையும் ஒத்திருக்கும் ஆண்டுகள் சிலவே. அந்த ஆண்டுகளைப் பறித்துக்கொண்டு பிற்பாடு பெயரைப் பலகையில் எழுதினால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

ஒன்று மட்டும் சொல்லலாம். பாப்வா மேடையேறிப் பிரசங்கம் செய்தவரல்லர், கொடி பிடித்தவருமல்லர். தமக்குத் தெரிந்த ஒரே வேலையை எல்லாரையும்விட நன்றாகச் செய்தார். அதைப் பொறுக்க மாட்டாத ராஜாங்கம் தன் சிறுமையைத் தானே உலகறியக் காட்டிக்கொண்டது. நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை இது. சொல்லும்பொழுது அந்தத் தலைகீழ்ப் பிடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாமும் நாளை வகுப்பில், இடக்கையால் எழுதும் பையனை அதட்டாமல் விட்டுப் பார்க்கப்போகிறோம்.