முதியோருக்கு அரசாங்க மருத்துவக் காப்பீடு: அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டுவன

நாற்பது ஆண்டு தறிக்குழியில் மிதித்த கால் மூட்டுத் தேய்ந்து நிற்கின்றது. நாற்றங்காலில் குனிந்த முதுகு நிமிர மறுக்கின்றது. கையில் வருவாய் குறைந்த பின்னரே மருத்துவச் செலவு பெருகுகின்றது என்பது நம் அங்கத்தினர் குடும்பங்கள் யாவும் அறிந்த உண்மை. பெற்றோரின் சிகிச்சைக்காக வாங்கிய கடன், தறியையும் நிலத்தையும் அடகிற்குக் கொண்டு செல்வதை நாம் கண்டு வருகின்றோம். ஆதலின், அரசாங்கம் அளிக்கும் காப்பீட்டை முறையறிந்து பெறுவது எங்ஙனம் என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

பலர் பொருளைத் திரட்டி, இடர் நேர்ந்த ஒருவருக்கு உதவுதலே காப்பீடு. இது கூட்டுறவாளருக்குப் புதிய தத்துவமன்று. கருநாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்கெனவே 2003-ஆம் ஆண்டில் ‘யசஸ்வினி’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கம் 2008-இல் தொடங்கிய திட்டம், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் அளவில் காப்பளித்தது. அதன் இடத்தில் 2018 செப்டம்பர் 23-இல் வந்ததே ஆயுஷ்மான் பாரத் திட்டம். இதன் காப்புத் தொகை குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

தமிழ்நாட்டில் 2012 ஜனவரி முதல் நடைபெற்று வரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-இல் மத்திய திட்டத்துடன் இணைக்கப்பெற்றது. இதில் சேருவோரின் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தகைய வரம்புகள் மாறக் கூடியன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வரம்பைக் கேட்டறிதல் நன்று. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும்.

இங்கே முதியோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்திட்டம் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. தாய் ஒருத்தி இளைய மகனுடன் வாழ்கின்றாள். அவள் பெயரோ மூத்த மகனின் அட்டையில் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இளைய மகன் தன் காப்பீட்டு அட்டையை மருத்துவமனையில் நீட்டினால் அது தாய்க்குப் பயன்படாது. நோய் வந்த இரவில் இதனை அறிவதினும், உடல்நலத்துடன் இருக்கும் பகலில் அறிந்து பெயரைச் சீர்செய்தல் எத்துணை நலம்!

எழுபது பிராயம் நிறைந்தோருக்கு மற்றுமொரு வழி திறந்துள்ளது. 2024 அக்டோபர் 29-இல் தொடங்கப்பெற்ற ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டைக்கு வருமான வரம்பு இல்லை. தனியார் காப்பீடு பெற்றிருப்போரும் இதனைப் பெறலாம். குடும்பம் முன்னரே ஆயுஷ்மான் திட்டத்தில் இருப்பின், முதியோருக்கெனத் தனியாக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கூடுதல் காப்பு உண்டு. இளையோர் அதில் பங்கு கொள்ளார். ஆனால் ஒரே இல்லத்தில் எழுபது கடந்த இருவர் இருப்பின் அத்தொகை இருவருக்கும் பொதுவானது. முன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. காத்திருப்புக் காலம் கிடையாது.

இதற்கு வயதைக் காட்டும் சான்று ஆதார் ஒன்றே. பள்ளிக்குச் செல்லாத நம் மூத்தோர் பலருக்குப் பிறந்த ஆண்டு உத்தேசமாகவே எழுதப்பட்டுள்ளது. எழுபத்திரண்டு வயதினர் ஏட்டில் அறுபத்தேழாக இருப்பின் அட்டை கிட்டாது. அதனை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். நூலும் மண்ணும் தேய்த்த விரல்களில் ரேகை பதியாமற் போவதும் உண்டு. அதனால் மனம் தளர வேண்டா. கைபேசிக்கு வரும் எண், கண்மணிப் பதிவு, முகப்பதிவு ஆகியவற்றாலும் அடையாளம் காட்டலாம். ஆதாருடன் கைபேசி எண் இணைந்திருப்பது இதற்குப் பேருதவியாகும்.

அட்டை கிடைத்து விட்டால் எல்லாம் முடிந்ததென்று எண்ணலாகாது. இக்காப்பு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைகளுக்கும் திட்டப் பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குமே உரியது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். அம்மருத்துவமனையும் எல்லா நோய்க்கும் சேர்ந்திருக்கும் என்பதில்லை. இருதய சிகிச்சைக்குச் சேர்ந்த இடம் எலும்பு சிகிச்சைக்குச் சேராதிருக்கலாம். மத்திய அட்டை மாநிலங்களின் வாயிலாகச் செயற்படுவதால், அம்மருத்துவமனை அதனை ஏற்கின்றதா என்பதையும் கேட்டறிக. உள்ளே நுழைந்தவுடன் காப்பீட்டு உதவி மேசையில் அட்டையைக் காட்டி, பணம் கட்டுவதற்கு முன்னரே அனுமதி கோர வேண்டும். ஆயுஷ்மான் திட்டத்தில் சேர்க்கைக்கு முந்திய 3 நாட்களின் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாட்களின் செலவும் அடங்கும். கட்டணம் கேட்கப்பட்டால் 14555 என்னும் எண்ணில் முறையிடலாம்.

நாள்தோறும் உட்கொள்ளும் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இக்காப்பீடு உதவாது. அவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒழுங்காக உட்கொண்டால் பெருஞ்சிகிச்சைக்கான தேவையே பலருக்குக் குறையும்.

இப்பணியில் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. அங்கத்தினர் பதிவேடு நம் அலுவலகத்தில் இருக்கின்றது. அறுபது கடந்தோரின் பெயர்களைத் தனியே எழுதி, குடும்ப அட்டை, ஆதார் வயது, கைபேசி எண், காப்பீட்டு அட்டை ஆகிய நான்கையும் எதிரே குறிக்க ஒரு வாரம் போதும். நடக்க இயலாதவர் இல்லத்திற்கு நிர்வாகக் குழுவினர் ஒருவர் சென்று வரலாம். அருகிலுள்ள மருத்துவமனைகளின் பட்டியலை, எந்நோய்க்கு எது என்ற குறிப்புடன் சங்கப் பலகையில் ஒட்டலாம். நூலும் உரமும் பங்கிட்டுக் கொடுக்கத் தெரிந்த நம் சங்கங்கள், இவ்வறிவையும் பங்கிட்டுக் கொடுக்குமாயின், உழைத்து ஓய்ந்த மூத்தோர் ஒருவரேனும் மருத்துவமனை வாயிலிலிருந்து வெறுங்கையுடன் திரும்ப நேராது.