உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேன் செய்ததும் ஓடும் எக்ஸ்எம்எல்!

மாமல்லபுரத்துச் சிப்பிமாலைக் கடையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 50 ரூபாய் அனுப்பினால், பின்னணியில் பறப்பது எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் அமைந்த ஆவணம். 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ-யில், பணம் செலுத்தும் கோரிக்கைக்கு ‘ரெக்பே’ என்று பெயர். அது டிஜிட்டல் கையொப்பத்துடன், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைய நெறிமுறை வழியே, அதன் ‘போஸ்ட்’ முறையில் யுபிஐ சர்வருக்குப் போகிறது.

ஏன் போஸ்ட்? அதே நெறிமுறையின் ‘கெட்’ முறை தகவலைக் கேட்டு வாங்குவதற்கானது. அதில் விவரங்கள் இணைய முகவரியோடு ஒட்டிக்கொண்டு போவதால், சர்வர் பதிவேடுகளில் தங்கிவிடக்கூடும். போஸ்டில் ஆவணம் முழுவதும் கோரிக்கையின் உள்ளடக்கமாகச் செல்கிறது.

‘புட்’ என்ற இன்னொரு முறையில் ஒரே கோரிக்கையைப் பலமுறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆனால் யுபிஐ-யில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. சிக்னல் தடுமாறி அதே கோரிக்கை மறுபடி வந்தால், அந்தக் குறியீட்டைக் கொண்டே அது நகல் என்று கண்டுபிடிக்கலாம்.