தீர்ப்புக்குப் பிறகும் ஒரு படி உண்டு

வழக்கில் தோற்றுவிட்டால் "தலையெழுத்து" என்று சொல்லி, காகிதக் கட்டைப் பரணில் போட்டுவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அதுவும் அறுவை சிகிச்சையில் நேர்ந்த தவறு பற்றிய வழக்கென்றால் கேட்கவே வேண்டாம். டாக்டரை எதிர்த்து ஒரு முறை படியேறியதே பெரிது, மறுபடி யார் அலைவது என்று ஓய்ந்துவிடுகிறோம். மேல்முறையீடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் அப்படி ஓய மாட்டோம்.

நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். லைனில் வேலை முடிந்ததும், வண்டியை விடுவதற்குமுன் கருவிகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது எங்கே என்று தெரியாமல் லைனைத் திறக்கக் கூடாது. ஆபரேஷன் தியேட்டரிலும் இதே முறைதான். வயிற்றைத் தைப்பதற்குமுன் துணி, பஞ்சு, கருவி எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும்.

அந்த எண்ணிக்கை தவறியதால் எழுந்த வழக்கு ஒன்று நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1963 ஜூலையில், அன்று ஔரங்காபாத் என்று வழங்கிய நகரின் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில தினங்களில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு கடும் காய்ச்சல், வயிற்றுவலி. மறுபடி வயிற்றைத் திறந்து பார்த்தபோது முதல் அறுவையில் விட்டுவிட்ட துணி உள்ளே இருந்தது. அந்த மாதமே அவர் காலமானார்.

குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். கீழ்க் கோர்ட் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அரசு தரப்பு மேல்முறையீடு செய்தது. உயர்நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றியது. குடும்பத்தார் விடவில்லை, உச்சநீதிமன்றம் சென்றார்கள். 1996 பிப்ரவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. வயிற்றுக்குள் துணி கிடந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி; அந்தத் துணி இல்லாவிட்டால் இரண்டாவது அறுவையே தேவைப்பட்டிராது; எந்த டாக்டர் விட்டார் என்று சுட்டிக்காட்ட முடியாவிட்டாலும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். அதே 36,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. இடையில் ஓடிய காலம் 33 ஆண்டுகள்!

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. மூன்று கோர்ட்டுகள் சட்டத்தை மூன்று விதமாகப் பார்த்தன. ஆனால் "துணி உள்ளே இருந்தது" என்ற உண்மையை யாராலும் அழிக்க முடியவில்லை. அது முதல் கோர்ட்டிலேயே பதிவாகியிருந்தது. மேல்முறையீடு புதிய விசாரணை அல்ல. ஏற்கெனவே பதிவான சான்றுகளை இன்னொரு கண் பார்ப்பது. அங்கே போய்ப் புதுச் சான்று சேர்ப்பது எளிதல்ல.

நம் அன்பர்களின் பிள்ளைகள் பலர் இருக்கும் அமெரிக்காவில் இத்தகைய வழக்கைப் பெரும்பாலும் ஜூரி தீர்மானிக்கிறது. ஜூரி பொதுவாகக் காரணம் எழுதுவதில்லை. எனவே அங்கே மேல்கோர்ட் உண்மைகளை மறுபடி கிளறத் தயங்கும். சட்டப் பிழை நேர்ந்ததா என்றே முக்கியமாகப் பார்க்கும். நம் நாட்டில் இவ்வழக்குகளுக்கு ஜூரி கிடையாது. தீர்ப்பளிப்பவர் காரணம் எழுதியாக வேண்டும். எழுதிய காரணத்தில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டலாம். முதல் மேல்முறையீட்டில் உண்மைகளையும் சட்டத்தையும் சேர்த்தே வாதாடலாம்.

என் நண்பர் ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வலி தீரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் மறுபடி திறந்து, உள்ளே கிடந்த துணியை எடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த புகார், நிபுணர் சாட்சியம் இல்லை என்று தள்ளுபடியாயிற்று. நண்பர் மனமுடைந்து என்னிடம் வந்தபோது உத்தரவு தேதியிலிருந்து 31 நாட்கள் ஆகியிருந்தன.

"இனி என்ன சார் இருக்கிறது?" என்றார்.

உத்தரவைப் படித்தேன். இரண்டாவது ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் குறிப்பு ஃபைலில் இருந்தது. உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வக்கீலிடம் அழைத்துச் சென்றேன். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்சநீதிமன்றம் 2010-ல் கூறியிருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். கெடுவுக்குள் மனு தாக்கலாயிற்று. இப்போது மாநில ஆணையத்தின் நாக்பூர் அமர்வில் விசாரணையில் இருக்கிறது. முடிவு எப்படியானாலும், அந்தக் குறிப்பை ஒருவர் படித்துப் பார்த்தாக வேண்டும்.

அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுக்க 2 ஆண்டுகள். மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையம் செல்ல 45 நாட்கள். அங்கிருந்து தேசிய ஆணையத்துக்கு 30 நாட்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. பணம் கொடுக்கும்படி உத்தரவான தரப்பு மேல்முறையீடு செய்தால், அதில் பாதியை முதலில் கட்ட வேண்டும். முழுக்க இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகள் இச்சட்டத்தில் வாரா. அவற்றுக்குச் சிவில் கோர்ட்தான்.

மருத்துவக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. டிஸ்சார்ஜ் ஆனவுடனேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

டாக்டர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை பலிக்காமல் போவது மட்டுமே கவனக்குறைவாகாது என்று 2005-ல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கோபத்துக்காக மேல்முறையீடு செய்தால் பணமும் உடம்பும்தான் கெடும். ஆகவே உத்தரவு கைக்கு வந்ததும் அதை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் சான்று எதையாவது பார்க்காமல் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். விட்டிருந்தால் அன்றைக்கே காலண்டரில் நாற்பத்தைந்தாம் நாளைக் குறித்துவிட்டு வக்கீலைப் பாருங்கள்.