பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரை சேரும்போது

தருமபுரி மாவட்டத்து முதியவர்களின் மூட்டுவலிக்கு வயது மட்டுமே காரணமல்ல. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைச் சிறுவயதில் குடித்தால் பல்லில் கறை படியும். அளவு இன்னும் கூடிய நீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கியது. அதுவரை போர் தண்ணீரையே குடித்தவர்களுக்கு எலும்பில் படிந்த ஃபுளோரைடு எளிதில் கரையாது.

அந்த வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் பல மாத்திரைகள் சேர்ந்த ‘ஒரு செட்’ வாங்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். இதனால் பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் ஏறும். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. செட்டில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும்.

முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் குழு 1991-இல் பட்டியலிட்டது. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட அந்தப் பட்டியல், இந்த வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்திவைக்கும் கிளிபென்கிளமைடு, தூக்க மாத்திரைகள், சளிக்குத் தரும் சி.பி.எம். ஆகியவையும் அதில் உண்டு. கடைசி இரண்டும் தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் தரும். கீழே விழவும் வைக்கும்.

தீர்வு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, முன்பு தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அந்தத் திட்டப் பணியாளரிடம், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். அதே பையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, எவ்வளவு என்று கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மலம் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, வியர்த்து நடுங்கிப் பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அம்மா அப்பாவின் வலியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செட் வாங்கித் தருகிறீர்கள். அந்த அக்கறையோடு அவர்களை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்காதீர்கள்.