"வேண்டுமென்றே" என்ற ஒரு சொல்
பிள்ளையைத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டால் ஒரு தாய் அறிந்திருக்க வேண்டியவை

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தாய் வேலைக்குப் புறப்படுகிறாள். கணவனைப் போர் கொண்டுபோய்விட்டது. ஆறு வயது மகனையும் மூன்று வயது மகளையும் கண்பார்வை மங்கிய தன் தாயிடம் விட்டுவிட்டுத்தான் அவளால் போக முடியும். பத்து மணியளவில் தேநீருக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் சின்னவளின் காலில் கொட்டிவிடுகிறது. அயலவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். காயத்தைப் பார்த்த டொக்டர் ஆஸ்பத்திரிப் பொலிஸுக்கு அறிவிக்கிறார். மாலையில் மூச்சிரைக்க ஓடிவரும் தாயிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி: "பிள்ளைக்கு என்ன செய்தனீர்?"

இவள் நாம் கற்பனை செய்த ஒரு தாய். ஆனால் இவளைப் போன்றவர்கள் இல்லாத கிராமம் எமது மாவட்டங்களில் இல்லை. சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை பற்றிப் பேசினால் மட்டும், துன்புறுத்தியவரைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எழுகிறது. அது தவறு. குற்றம் செய்யாதவர் சிறைக்குப் போனால் பிள்ளைக்கு நீதி கிடைப்பதில்லை. இருந்த ஒரு தாயையும் அது இழக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் எமது தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தமது பொறுப்பில் வைத்திருப்பவர், துன்பமோ உடல்நலக் கேடோ ஏற்படக்கூடிய விதத்தில் அவரை வேண்டுமென்றே தாக்கினாலும், கொடுமைப்படுத்தினாலும், கவனியாது விட்டாலும், கைவிட்டாலும் அது குற்றமாகும். தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாததும் பத்து வருடத்துக்கு மேற்படாததுமான சிறை. தண்டப்பணமும் நட்டஈடும் விதிக்கப்படலாம்.

இதில் "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டது என்று காட்டுவதோடு வழக்குத் தொடுநரின் வேலை முடிந்துவிடாது. அந்தத் தாய் அறிந்தே, மனதார அக்கறையற்று நடந்தாள் என்பதை, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அவர்களே நிரூபிக்க வேண்டும். குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை கூறுகிறது. வறுமை குற்றமல்ல. வேலைக்குப் போவதும் குற்றமல்ல.

ஆனால் இதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லச் சான்றுகள் வேண்டும். பிள்ளையின் கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை, பாடசாலை வரவு விபரம், முன்பள்ளி ஆசிரியையின் கடிதம், வேலைத்தலத்தில் நீங்கள் கையொப்பமிட்ட நேரம், பிள்ளையைப் பார்க்கும்படி நீங்கள் சொல்லிவிட்டுப் போன அயலவர் ஆகியவையே இப்படிப்பட்ட வழக்கின் உயிர். இவற்றை முதல் வாரத்திலேயே தேடி எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வழக்கு விளங்க வருடங்கள் ஆகலாம். அதற்குள் கடதாசியும் தொலையும், சாட்சியும் இடம்பெயர்ந்து போவார்.

பொலிஸ் நிலையத்தில்

பயத்திலும் குற்ற உணர்விலும் "எல்லாம் என்ரை பிழைதான்" என்று அழும் தாய்மார் பலர். பெற்ற மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அது வாக்குமூலத்தில் எழுதப்படும்போது வேறு பொருள் தரும்.

வாக்குமூலம் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கப்பட வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதப்பட்டு, விளக்கம் தரப்படாத தாளில் கையொப்பமிட வேண்டாம். பணிவாக, ஆனால் உறுதியாக மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. எனினும் அங்கே சொன்னதும் பின்னர் நீதிமன்றத்தில் சொல்வதும் வேறுபட்டால் அந்த முரண்பாடு உங்களைப் பாதிக்கும். ஆகவே நடந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

பிடியாணை இன்றிக் கைது செய்யப்பட்டால், வழமையாகப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. சாட்சிகளுடன் தலையிடுவார் என்று நம்பக் காரணம் இருந்தால் பிணை மறுக்கப்படலாம்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்

இங்கேதான் நல்ல மனதுடன் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையை மடியில் வைத்து, "அம்மா அடிக்கேல்லை எண்டு சொல்லு" என்று பழக்குகிறார்கள். மறுபக்கத்தில், காணிப் பிரச்சினையிலோ குடும்பப் பகையிலோ உள்ள ஒருவர் "மாமாதானே செய்தவர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இரண்டும் ஒரே பாவம். பிள்ளையின் ஞாபகத்துக்குள் பெரியவர்களின் சொல் புகுந்துவிட்டால் பின்னர் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் மக்மாட்டின் என்ற முன்பள்ளியில் சிறுவர்கள் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதாக 1983இல் முறைப்பாடு எழுந்தது. பதிலை உள்ளே வைத்த கேள்விகள் சிறுவர்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. எதிரிகளில் ஒருவர் சுமார் ஐந்து வருடங்கள் சிறையில் இருந்தார். 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. அந்தச் சிறுவர்கள் உண்மையில் எதை அனுபவித்தார்கள் என்பது கேள்விகளுக்குள்ளேயே மூழ்கிப்போனது. பிள்ளையை எப்படி விசாரிப்பது என்பதை உலகம் புதிதாகக் கற்றுக்கொள்ள இந்த வழக்கு ஒரு காரணமாயிற்று.

எமது நாட்டில் 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையிடம் முதலில் பெறும் விளக்கத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக முன்வைக்க இடமளித்தது. அதன் மூலம் பிள்ளை நடந்ததைப் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் கொடுமை குறையும். எதிரிக்கும் இது நன்மையே. என்ன கேள்வி கேட்கப்பட்டது, பிள்ளை தன் வாயால் என்ன சொன்னது என்பதை நீதிபதி நேரில் பார்க்கலாம். குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் எதிரித் தரப்புக்கு உண்டு. நல்ல சட்டத்தரணி பிள்ளையை அழவைக்க மாட்டார். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதையே ஆராய்வார்.

வைத்திய அறிக்கையையும் அப்படியே நிதானமாகப் பார்க்க வேண்டும். காயம் இருப்பது யார் செய்தார் என்பதைச் சொல்லாது. காயம் இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் ஆகாது.

எடுபடாத வாதங்கள்

"திருத்தத்தானே அடிச்சனான்" என்பதை நம்பியிருக்க வேண்டாம். 2017இல் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலம் மாறிவிட்டது.

"பிள்ளையும் விரும்பினது" என்பதும் அப்படியே. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை விடயத்தில் சம்மதம் என்பது எதிர்வாதம் ஆகாது. போர்க்காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்த துயரம் எமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை இன்று தொடர்பவர்கள், மருமகனாக வரும் இளைஞனையும் கூட்டுக்குள் ஏற்றுகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

"பேசித் தீர்ப்போம்" என்பது மூன்றாவது. சிறுவர் மீதான பாரதூரமான குற்றங்கள் மத்தியஸ்த சபையிலோ ஊர்ப் பெரியவர் முன்னிலையிலோ தீர்க்கக்கூடியவை அல்ல. முறைப்பாடு செய்தவர் வீட்டுக்குச் சென்று மிரட்டுவதும் காசு கொடுப்பதும் தனிக் குற்றங்கள். நிரபராதியும் இதனால் குற்றவாளியாகலாம்.

"ஒப்புக்கொண்டால் கெதியாய் முடியும்" என்ற ஆலோசனை எல்லாவற்றிலும் ஆபத்தானது. 308அ பிரிவு குறைந்தது இரண்டு வருடச் சிறை என்று சொல்வதை மறக்க வேண்டாம். சட்டத்தரணியின் ஆலோசனை இல்லாமல் குற்றத்தை ஏற்காதீர்கள்.

யாரிடம் போவது?

காசு இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. மாவட்டங்கள் தோறும் அதன் அலுவலகங்கள் இயங்குகின்றன. பல இடங்களில் நீதிமன்றத்துக்கு அருகிலேயே உள்ளன. கிராம உத்தியோகத்தரிடம் வருமானம் பற்றிய கடிதம் பெற்றுச் செல்லுங்கள். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாமல் நிற்கும் எதிரிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும் நடைமுறையும் உண்டு.

வழக்கு முடியும் வரை பிள்ளை எங்கே இருப்பது என்ற கேள்வியும் எழும். இல்லத்துக்கு அனுப்பாமல் நம்பிக்கையான உறவினரிடம் ஒப்படைக்கும்படி நீதவானிடம் கேட்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை இதில் முக்கியம். அவர் வீட்டுக்கு வரும்போது ஒளிக்காதீர்கள். உங்கள் கஷ்டத்தை உள்ளபடி காட்டுங்கள். தவணை எதையும் தவறவிடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஒருவர்மீது முறைப்பாடு வந்து, அது உண்மை என்று உங்கள் மனம் சொன்னால் அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். அவருக்கும் சட்டத்தரணி கிடைப்பார். பிள்ளைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்தத் தாயிடம் மீண்டும் வருவோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் நிற்கிறாள். மகளின் கால் கட்டிக் கிடக்கிறது. அவள் சொல்ல வேண்டியது உண்மையை மட்டுமே. எத்தனை மணிக்குப் போனாள், யாரிடம் விட்டாள், ஏன் போனாள் என்பதை அவள் சொல்லட்டும். அதைக் கேட்டு, அயலவரான நாமும் கண்டதைச் சாட்சியாகச் சொல்லத் துணிவோமா? காணாததைச் சொல்லாமல் இருப்போமா? அவளது வழக்கில் பாதி எம் கையிலும் இருக்கிறது.