அடங்க வேண்டியது யார்?

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, 1947 நவம்பர் 20. மணமகன் பிலிப்புக்குக் கீழ்ப்படிந்து நடப்பதாக 21 வயது இளவரசி எலிசபெத் பலிபீடத்தின் முன் வாக்குக் கொடுத்தார். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1953 ஜூன் 2 அன்று, அதே அபேயில் பிலிப் அவர் முன் மண்டியிட்டார். முடிசூடிய மனைவியின் இரு கைகளுக்கு நடுவே தன் கைகளை வைத்து, உயிருள்ள மட்டும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தார். பிறகு எழுந்து, கிரீடத்தைத் தொட்டு, மனைவியின் கன்னத்தில் முத்தமிட்டார்.

இந்த இரண்டாவது சத்தியம் பிலிப்புக்கு எளிதாக வந்துவிடவில்லை. உயிராக நினைத்த கடற்படை வாழ்க்கையை விட்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தன் குடும்பப் பெயர் கிடையாது என்று 1952-இல் முடிவானபோது அவர் கொதித்துப்போனது ஊரறிந்த கதை. 1960-இல்தான், அதுவும் வாரிசுகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும், 'மவுண்ட்பேட்டன்-வின்ட்சர்' என்ற ஒட்டுப் பெயர் கிடைத்தது. 2021-இல் அவர் இறக்கும்வரை அந்தத் தாம்பத்தியம் 73 ஆண்டுகள் நீடித்தது. கணவன் மண்டியிடுவதற்கு மனைவி மகாராணியாக இருக்க வேண்டியிருந்தது என்பதுதான் இதில் உறுத்தல்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் மணமக்கள் இருவரின் வாக்குறுதியும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழ்ப்படிதல் மட்டும் மணமகளுக்கு அதிகப்படி. 1840-இல் விக்டோரியா மகாராணியும் அதைச் சொல்லித்தான் மணந்தார். 1928-இல் திருத்திய புத்தகம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. 1981-இல் டயானா அதைச் சொல்லவில்லை, 2011-இல் கேட் மிடில்டனும் சொல்லவில்லை. இரண்டு முறையும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

தமிழ்நாட்டுத் திருமண ஆராதனைகளில் வாக்குறுதி எப்படி இருந்தாலும் பிரசங்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. லெந்து நாட்கள் முடிந்து ஈஸ்டரும் போனால் சபைகளில் கல்யாண வரிசை தொடங்கிவிடும். எபேசியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைத் தொடாத திருமணச் செய்தி அபூர்வம். பிரசங்கியார் பெரும்பாலும் 22-ஆம் வசனத்தைத்தான் கையில் எடுக்கிறார்: மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அதற்கு நேர் மேலே, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனம் மைக் வரை வந்து சேருவதில்லை. மனைவிக்குச் சொன்னது 22 முதல் 24 வரை மூன்றே வசனம். கணவனுக்குச் சொன்னது 25-இல் தொடங்கி நீண்டுகொண்டே போகிறது, கிறிஸ்து சபைக்காக உயிரையே கொடுத்ததைப் போல நேசிக்கச் சொல்கிறது. ரோமச் சட்டம் வீட்டுத் தலைவனுக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை நினைத்துப் பார்த்தால், எபேசு நகரத்துக் கணவன்மாருக்கு எந்தப் பகுதி கசந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அடங்கி நடப்பதைப் பற்றிப் புதுப்பெண்ணுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. பிறந்த வீட்டிலேயே கேட்டுச் சலித்திருப்பாள்.

கர்வத்துக்கு மருந்து மனத்தாழ்மை என்பதில் எந்தச் சபைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கே அதைப் புகட்டிவருகிறார்கள் என்பதுதான் சிக்கல். குடும்பத்துக்கு ஒரு தலை வேண்டும், அது சேவை செய்யும் தலைமையாக இருந்தால் போதும் என்று வாதிடுவோரும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் 1998-இல் இதைத் தங்கள் விசுவாச அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

சேவை செய்யும் தலைமை நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதை ஆராயக் காலமே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு கேரளக் கிறிஸ்தவ நர்சுகள் அங்கே போகத் தொடங்கினார்கள். பின்னாலேயே கணவன்மார் போய்ச் சேர்ந்தார்கள். ஷீபா ஜார்ஜ் என்ற சமூகவியலாளர் இந்தக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்து 2005-இல் ஒரு நூலை வெளியிட்டார். ஊரில் படித்த படிப்புக்கு அங்கே மதிப்பில்லாததால் பல ஆண்கள் தகுதிக்குக் குறைந்த வேலைகளில் சேர்ந்தார்கள். மனைவிக்கோ நிலையான வேலை, கூடுதல் சம்பளம். அவருக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் குழந்தைக்குப் பால் காய்ச்சுவதும் சோறு வடிப்பதும் கணவன் பொறுப்பு. சொந்தச் சமூகத்திலோ 'நர்ஸின் புருஷன்' என்று கேலிப் பட்டம்.

அந்த வீடுகளை ஜார்ஜ் நான்கு வகையாகப் பிரிக்கிறார். பழைய முறை மாறாத வீடு, பெண்ணே தலைமையேற்ற வீடு ஆகிய இரண்டும் எதிர்பார்த்தவைதான். நடுவிலிருக்கும் இரண்டுதான் சுவாரசியம். வேறு வழியில்லாமல் கணவன் கைகொடுத்த வீடு ஒன்று, இருவரும் சேர்ந்து நடத்திய வீடு இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் கணவன் அடுப்படியில் நிற்கிறான், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான். ஒருவனைச் சூழ்நிலை இழுத்து உட்கார வைத்தது, மற்றவன் தானாக இறங்கி வந்து உட்கார்ந்தான். பிரசங்கங்கள் தொடாத வித்தியாசம் இது. வேறு வழியில்லாமல் பணிந்தவனுடைய கர்வம் அப்படியே உள்ளே இருக்கும், வெளியே வர இடம் தேடும்.

இடம் கிடைத்தது. வேலையிலும் வீட்டிலும் போன மதிப்பை ஆண்கள் தங்கள் மலையாளச் சபையின் பொறுப்புகளில் மீட்டுக்கொண்டதை ஜார்ஜ் விரிவாகக் காட்டுகிறார். அங்கே பதவி ஆண்களுக்குத்தான், ஞாயிறுதோறும் பார்க்க ஆளும் இருந்தது. சேகரக் கமிட்டித் தேர்தலையோ பங்குப் பேரவைக் கூட்டத்தையோ ஒருமுறை பார்த்த தமிழருக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. கர்வத்தைக் கழற்றிவைக்க வேண்டிய இடத்திலேயே அதற்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம்.

பெண்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் புனித மோனிக்கா. 4-ஆம் நூற்றாண்டில் தகாஸ்தே நகரில், இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸில், வாழ்ந்தவர். கணவர் பத்ரீசியுஸ் முன்கோபி, பிற பெண்களோடு தொடர்பும் இருந்தது. மகன் அகுஸ்தீன் தன் சுயசரிதையின் 9-ஆம் பாகத்தில் அந்த வீட்டை விவரிக்கிறார். கணவர் கொதிக்கும்போது மோனிக்கா வாய் திறக்க மாட்டார். சூடு தணிந்ததும் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வார். மனைவியை அடிப்பது சாதாரணமாக இருந்த ஊரில் பத்ரீசியுஸ் ஒருமுறைகூட மோனிக்காவை அடித்ததில்லை. சாவதற்குச் சற்று முன் அவரும் கிறிஸ்தவரானார்.

பிரசங்கங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. அகுஸ்தீன் நிறுத்தவில்லை. முகத்தில் அடிபட்ட தழும்போடு வந்து கணவன்மாரைக் குறைசொன்ன தோழிகளிடம், திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட அன்றே நாம் அடிமைகளாகிவிட்டோம், எஜமானரிடம் கர்வம் காட்டக் கூடாது என்று மோனிக்கா பாதி விளையாட்டாகச் சொல்வாராம். கர்வம் யாரிடம் இருந்ததாம்? தழும்பு விழுந்த முகத்தில்!

கோபம் தணியும்வரை காத்திருந்து பேசுவது நல்ல புத்தி, இருவருக்குமே. அடி வாங்கியவளையே பணியச் சொல்லித் திருப்பி அனுப்புவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆயர் வீட்டு வாசலில் வந்து அழும் பெண்ணுக்கு 'பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, அவர் மாறுவார்' என்ற பதில்தான் இன்னும் பல இடங்களில் கிடைக்கிறது. சட்டமும் நெடுநாள் அவளுக்கு எதிராகவே சாய்ந்திருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் தகாத உறவு ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவி கேட்டால் தகாத உறவோடு கொடுமையோ கைவிட்டதோ போன்ற இன்னொரு காரணமும் சேர்ந்திருக்க வேண்டும். 2001-இல்தான் இது திருத்தப்பட்டது. 2005-இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தது, 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் வேதத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

கத்தோலிக்கத் தலைமை இந்த விஷயத்தில் நகர்ந்துதான் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதாகவே எபேசியர் பகுதியைப் படிக்க வேண்டும் என்று 1988-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கென எழுதிய மடலில் மூன்று பழக்கங்களை வலியுறுத்தினார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. மூன்றாவதைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொன்ன அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்?

பணிவு பிறவிக் குணமாக வாய்க்காத ஒருவரையும் பார்க்கலாம். போப்பையும் பேரரசரையும் எதிர்த்து நின்ற மார்ட்டின் லூதர் 1525-இல் முன்னாள் கன்னியாஸ்திரி காத்தரீனா ஃபான் போராவை மணந்தார். விட்டன்பர்கில் குடியிருக்கக் கிடைத்த பழைய மடத்தில் காத்தரீனா மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார், பீர் காய்ச்சினார், கால்நடை வளர்த்தார், நிலம் வாங்கிச் சேர்த்தார். வரவு செலவில் லூதருக்குச் சாமர்த்தியம் போதாது. மனைவி அடங்கி நடக்க வேண்டும் என்று போதித்த அதே மனிதர், கடிதங்களில் மனைவியை 'எஜமான்' என்று ஆண்பாலிலேயே விளித்தார். கேலிதான், ஆனால் அதில் ஓர் ஒப்புதலும் இருந்தது. 1542-இல் உயில் எழுதும்போது அந்தக் கேலி நிஜமாகிவிட்டது. விதவைக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்ற சாக்சனி நாட்டு வழக்கத்தை ஒதுக்கி, சொத்தையும் பிள்ளைகளையும் காத்தரீனாவின் பொறுப்பிலேயே விட்டார். 1546-இல் லூதர் இறந்ததும் அதிகாரிகள் அந்த உயிலை அப்படியே ஏற்க மறுத்தார்கள்.

ஆணின் மனத்தாழ்மையைச் சொத்தை வைத்து உரசிப் பார்க்கும் இந்தச் சோதனை கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நன்றாகத் தெரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர்ப் பகுதி. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால் மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்துக் கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவுகட்டியது. 1951 முதலே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது தீர்ப்பு.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது வேறு. சகோதரர்களுக்குச் சாதகமாகப் பெண்கள் கையெழுத்திடும் விடுதலைப் பத்திரம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. கிறிஸ்தவ வீட்டில் கூடவே ஒரு வசனமும் வந்துவிடும். பங்கு கேட்கும் தங்கைக்குப் பொருளாசை பிடித்துவிட்டது என்பார்கள். கொடுக்காத அண்ணனுக்கு அப்படியொரு பெயர் வைப்பதில்லை. கல்யாணத்தில் நகை போட்டோமே என்பது அடுத்த பதில். அந்த நகையும் வேறொரு வீட்டு ஆணின் கௌரவத்துக்காகப் போட்டது என்பதை யாரும் பேசமாட்டார்கள்.

இப்போது பல சபைகளிலும் மறைமாவட்டங்களிலும் மணமக்களுக்குத் தயாரிப்பு வகுப்பு உண்டு. ஜெபம், தாம்பத்தியம், குழந்தை வளர்ப்பு, வரவு செலவு என்று பாடங்கள் போகின்றன. அதன்பின் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று மூன்று ஞாயிறு சபையைக் கேட்கிறார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் ஆயர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, 'தம்பி, உங்க அக்காவுக்குப் பங்கு பிரிச்சாச்சா?' என்று கேட்டுவிடலாம். பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே, மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் விசாரிக்க வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.